வீட்டுக்குச் சோலார்: எந்த பில்லுக்குக் கட்டுப்படியாகும்?

14 மார்ச் 2025, காலை

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி கேட்டது: "எங்கள் வீட்டுக்கு ரெண்டு மாசத்துக்கு ஒருமுறை ஈபி பில் 1,200 ரூபாய் வருது. மூணு கிலோவாட் சோலார் போட்டா 78,000 மானியம், மூணே வருஷத்துல போட்ட காசு வந்துடும்னு ஒரு கம்பெனிக்காரர் சொல்றார். கழுத்துல கிடக்கறதை வெச்சுப் போடலாமான்னு யோசிக்கறேன். உண்மையா?"

அம்மா, உங்கள் பில்லுக்கு மூன்று வருடத்தில் வராது. நகையை வைக்க வேண்டாம்.

இரண்டு மாதத்துக்கு 1,200 என்றால் நீங்கள் செலவழிப்பது சுமார் 400 யூனிட். இப்போதைய கட்டணத்தில் முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட் 2.35 ரூபாய், 201 முதல் 400 வரை 4.80 ரூபாய். கூட்டினால் 1,195. அந்த பில் முழுவதும் பூஜ்யமானாலும் வருடத்துக்கு மிச்சம் 7,170 ரூபாய்தான். எங்கள் பக்கத்தில் மூன்று கிலோவாட் இப்போது 1.8 லட்சத்திலிருந்து 2 லட்சம் வரை சொல்கிறார்கள். மானியம் போக உங்கள் கையிலிருந்து ஒரு லட்சத்துக்குக் குறையாமல் போகும். அதை 7,170 ஆல் வகுத்துப் பாருங்கள். பதினைந்து வருடத்துப் பக்கம் நிற்கும்.

கம்பெனிக்காரர் பொய் சொன்னார் என்றும் சொல்ல முடியாது. மூன்று, நான்கு வருடத்தில் முதல் திரும்பும் வீடுகள் இருக்கின்றன. உங்கள் வீடு அந்த வகை இல்லை, அவ்வளவுதான்.

14 மார்ச், இரவு

காலையில் அவசரமாக எழுதிவிட்டுப் போனேன். சீக்கிரம் முதல் திரும்பும் அந்த வகை வீடு எது என்று கேட்டு நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். என் வீடே அதுதான்.

திருச்சியில் தனி வீடு. இரண்டு ஏசி, வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் மகள், ஆழ்துளைக் கிணற்று மோட்டார். கோடையில் இரண்டு மாதத்துக்கு 1,000 யூனிட்டைத் தொடும். 500ஐத் தாண்டிய வீட்டுக்கு ஸ்லாப் (யூனிட் கூடக் கூட ஏறும் கட்டணப் படி) எப்படி ஏறுகிறது என்று பாருங்கள்: 400 வரை 4.80 (இலவச 100 போக), 500 வரை 6.45, 600 வரை 8.55, 800 வரை 9.65, 1,000 வரை 10.70, அதற்கு மேல் 11.80. 1,000 யூனிட்டுக்கு பில் 7,010 ரூபாய்.

சோலார் பில்லின் மேல்முனையிலிருந்து கழிக்கிறது. இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ஒரு கிலோவாட் நம் ஊர் வெயிலில் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும், இரண்டு மாதத்துக்கு 240. 1,000 யூனிட் வீட்டில்:

முதல் கிலோவாட் பில்லை 7,010லிருந்து 4,484க்கு இறக்குகிறது. மிச்சம் 2,526.
இரண்டாவது, 2,256க்கு. மிச்சம் 2,228.
மூன்றாவது, 619க்கு. மிச்சம் 1,637.
நான்காவது போட்டால் அந்த 619 போகும். அதற்கு மேல் மிச்சமாக எதுவும் இல்லை.

மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதுக்கு 18,000. ஆக 78,000. நான்காவதுக்குக் காலணா கிடையாது. ஐம்பதாயிரம் சொச்சம் முழுக்கக் கைக்காசு, மிச்சமோ வருடத்துக்கு 3,700. எங்கள் வீட்டுக்கு வந்தவரும் "மாடியில் இடம் இருக்கிறதே சார், அஞ்சு கிலோவாட்டாகப் போட்டுடலாம்" என்றார். இடம் இருக்கிறது என்பது ஒரு காரணமா?

16 மார்ச்

"மத்திய அரசு மாதம் 300 யூனிட் இலவச மின்சாரம் தருகிறது என்று விளம்பரம் வந்ததே, அது வேறா?" என்று மதுரைத் தம்பி கேட்கிறார்.

அதேதான். நான் சொன்ன 78,000 மானியம் வருவதும் அதில்தான். பிஎம் சூர்ய கர் திட்டம், 2024 பிப்ரவரியில் தொடங்கியது. ஒரு கோடி வீடுகள் இலக்கு, ஒதுக்கீடு 75,021 கோடி ரூபாய். 300 யூனிட்டை யாரும் கம்பியில் இலவசமாக அனுப்புவதில்லை. உங்கள் மாடியில் நீங்கள் காசு போட்டு வைக்கும் மூன்று கிலோவாட் பேனல் மாதத்துக்கு ஏறத்தாழ அவ்வளவு தயாரிக்கும் என்ற கணக்கு அது. தமிழ்நாட்டின் 100 யூனிட் இலவசம் தனி. நெட் மீட்டரில் (நாம் இழுத்த யூனிட்டையும் பேனல் வெளியே அனுப்பிய யூனிட்டையும் பதியும் மீட்டர்) கழித்தது போக நிற்கும் யூனிட்டுக்குத்தான் ஸ்லாப் பார்க்கிறார்கள். ஆகவே பேனல் உங்களை 100க்கு இறக்கிவிட்டால் போதும், பூஜ்யம் வரை துரத்த வேண்டியதில்லை. கடைசி 100 யூனிட்டை ஈடுகட்டக் காசு போடுவது, ஏற்கெனவே சும்மா கிடைப்பதை விலை கொடுத்து வாங்குவது.

23 மார்ச்

என்னுடைய 14ஆம் தேதிக் கணக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் "அப்படியானால் வருடத்துக்கு 38,000 மிச்சமா?" என்று கேட்டிருக்கிறார்கள். அது எல்லா பில்லும் 1,000 யூனிட்டாக வந்தால். எந்த வீட்டிலும் அப்படி வராது. ஐப்பசி, கார்த்திகையில் எங்களுக்கே 700க்கு இறங்கும். அப்போது பில் 3,905, பேனல் முழுவதையும் தின்றாலும் மிச்சம் அவ்வளவுதான். வருடத்தில் மூன்று பில் 1,000, மூன்று பில் 700 என்று வைத்தால் 31,000 ரூபாய்க்குச் சற்றுக் கீழே வருகிறது. மழை மாதங்களில் உற்பத்தியும் படுத்துவிடும் என்பதால் அதிலும் கொஞ்சம் தள்ள வேண்டும். மானியம் போக எனக்கு ஆனது 1.17 லட்சம். நான்கு வருடத்தில் முதல் திரும்பும் என்று சொன்னால் அது நியாயமான கணக்கு. எனக்கு அதுவே நல்ல கணக்குதான்.

கொட்டேஷனோடு வரும் எக்செல் தாளில் மின்கட்டணம் வருடா வருடம் 5 அல்லது 6 சதவீதம் ஏறுவதாக வைத்திருப்பார்கள். அந்த வரியை அழித்துவிட்டுக் கூட்டச் சொல்லுங்கள். ஏறினால் உங்களுக்கு லாபம், ஏறும் என்று நம்பிக் கடன் வாங்க வேண்டாம்.

6 ஏப்ரல்

500 யூனிட் வீடுகளைப் பற்றி யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நடுத்தரக் குடும்பங்களில் பலர் அங்கேதானே இருக்கிறார்கள், ஒரு ஏசி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், நான்கைந்து ஃபேன்.

500 யூனிட்டுக்கு பில் 1,840. அதுவே 501 ஆனால் 2,093 ரூபாய் சொச்சம்! ஒரே ஒரு யூனிட்டுக்கு 250 ரூபாய்க்கு மேல். 500ஐத் தாண்டியவுடன் அந்த 2.35 ரூபாய்ச் சலுகை பறந்து, அந்த 100 யூனிட்டுக்கும் 4.80 விழுகிறது. பலருக்கு இது தெரியவே தெரியாது. பில்லில் இப்படிப் பிரித்து எழுதுவதும் இல்லை.

500 யூனிட் வீட்டுக்கு ஒரு கிலோவாட் போட்டால் 260 ஆகும், பில் 523. வருட மிச்சம் 7,900. ஒரு கிலோவாட்டுக்கு 75,000 என்று வைத்து 30,000 மானியத்தைக் கழித்தால் 45,000. ஆறு வருடத்துக்குள் வந்துவிடும். இரண்டு கிலோவாட் என்றால் ஏழு வருடம். மோசமில்லை. பேனலுக்கு 25 வருட உற்பத்தி உத்தரவாதம் தருகிறார்கள், பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றித் தரும் இன்வெர்ட்டரை இடையில் ஒருமுறை மாற்றும் செலவு மட்டும் வரும்.

ஆனால் இதே வீட்டுக்கு நான் முதலில் சொல்வது ஃபேனை மாற்றச் சொல்லித்தான். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். பிஎல்டிசி ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை) 30, 35 வாட். ஐந்து ஃபேன், நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 144 யூனிட் குறையும். 500 இருந்தது 356 ஆகும், வருடத்துக்கு 5,100 ரூபாய் மிச்சம். செலவு 15,000. மூன்று வருடம்! மானியம் வேண்டாம், மாடி வேண்டாம், மின்வாரியத்தில் விண்ணப்பம் வேண்டாம். கும்பகோணத்து அம்மா, உங்கள் 400 யூனிட்டுக்கும் இதே ஃபேன் கணக்கு நான்கு வருடத்துக்குள் முடிகிறது.

சோலார் விற்பவர் யாரும் ஃபேன் விற்பதில்லை என்பதால் இதைச் சொல்ல ஆளில்லை.

7 ஏப்ரல்

கடன் பற்றி. அரசு வங்கிகளில் இந்தத் திட்டத்துக்கு இரண்டு லட்சம் வரை ஈடு கேட்காமல் தருகிறார்கள், திட்டம் தொடங்கியபோது வட்டி 7 சதவீதம் சுற்றி. 1.2 லட்சத்தை ஐந்து வருடத்துக்கு எடுத்தால் தவணை மாதம் 2,376. 1,000 யூனிட் வீட்டில் மாத மிச்சம் அதற்கு மேல், பில் காசே தவணையைக் கட்டிவிடும். 500 யூனிட் வீட்டில் இரண்டு கிலோவாட்டுக்கு, மானியம் போக, 75,000 கடன் வாங்கினால் தவணை 1,485, மிச்சம் 920. மாதம் 565 ரூபாய் கையைக் கடிக்கும். முடியுமா என்று அவரவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

மானியம் பேனல் பொருத்தி, மீட்டர் மாற்றி, எல்லாம் இணைத்து ஓட ஆரம்பித்த பிறகுதான் உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும். "மானியம் கழித்து இவ்வளவுதான்" என்று பேசினாலும் முதலில் முழுத் தொகையும் நீங்கள்தான் புரட்ட வேண்டும்.

11 மே

நேற்று மதியம் மூன்று மணி நேரம் கரண்ட் இல்லை. பக்கத்து வீட்டு அண்ணன் மாடியைக் காட்டி "உங்களுக்கென்ன, சோலார் இருக்கிறது" என்றார். எங்கள் வீட்டிலும் ஃபேன் ஓடியது பழைய யூபிஎஸ் பேட்டரியில்தான்.

வெளிக் கம்பியில் கரண்ட் போனால் ஆன்கிரிட் (மின்வாரியக் கம்பியோடு இணைந்து ஓடும், பேட்டரி இல்லாத) இன்வெர்ட்டரும் தானாக நின்றுவிடும், உச்சி வெயிலாக இருந்தாலும். லைன்மேன் கம்பத்தில் ஏறியிருக்கும்போது நம் வீட்டுப் பேனலிலிருந்து மின்சாரம் போய் அவரைத் தாக்கக் கூடாது என்பதற்கான ஏற்பாடு. சரியான ஏற்பாடுதான். ஆனால் காசு கட்டும் முன்னால் இதை வாடிக்கையாளரிடம் சொல்லிவிட வேண்டும். நான் விசாரித்தவர்களில் ஒருவர்கூடத் தானாகச் சொல்லவில்லை. பவர்கட்டுக்காகவே சோலார் வேண்டும் என்றால் ஹைப்ரிட் இன்வெர்ட்டரும் பேட்டரியும் தேவை, செலவு எங்கேயோ போய்விடும், மேலே போட்ட கணக்கு எதுவும் பொருந்தாது. பழைய யூபிஎஸ் இருந்தால் கழற்றாதீர்கள், அது அதன் பாட்டுக்கு இருக்கட்டும்.

12 மே

நிழல் பற்றிக் கேட்ட சேலத்து நண்பருக்கு.

எங்கள் மாடியில் தண்ணீர்த் தொட்டி வடமேற்கு மூலையில். பேனல்கள் அதற்குத் தெற்கே, தெற்கு பார்த்து, பத்துப் பன்னிரண்டு டிகிரி சாய்வில். எங்கள் தெருவிலேயே வேறு ஒரு வீட்டில் தொட்டிக்கு வடக்கே வைத்துவிட்டார்கள், பொருத்தியது ஒரு சித்திரை மாதம். அப்போது சூரியன் உச்சந்தலைக்கு நேராக, பிறகு சற்று வடக்கே கூடப் போய்விடும், நண்பகலில் தொட்டியின் நிழல் அதன் காலடியைத் தாண்டாது. மார்கழியில் போய்ப் பார்த்தேன். சூரியன் தெற்கே சாய்ந்துவிட்டது. ஆறடி உயரத் தொட்டியின் நிழல் நடுப்பகலிலேயே வடக்கே நான்கடி நீண்டு, கீழ்வரிசைப் பேனலின் மூலையை மூடியிருந்தது. மூன்று மணிக்கு அது இரண்டாவது பேனலுக்கும் நகர்ந்தது. பேனல்களை வரிசையாகக் கோர்த்து ஒரே இன்வெர்ட்டருக்குக் கொண்டுபோவதால், நிழல் விழுந்த பகுதி தருவதைவிட அதிகமாகவே மொத்தத்தில் இழப்பு தெரியும்.

ஆகவே எந்த மாதம் ஆள் வந்து அளந்தாலும், "மார்கழியில் இந்த நிழல் எங்கே விழும்?" என்று கேளுங்கள். தென்னை மரம் பக்கத்து வீட்டுக்காரருடையது என்றால் அது இன்னும் வளரும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள்.

2 ஜூலை

கட்டணம் இந்த மாதத்திலிருந்து 3.16 சதவீதம் ஏறியிருக்கிறது, வீட்டு இணைப்புகளுக்கான உயர்வை மாநில அரசே ஏற்றுக்கொள்கிறது. ஆகவே மேலே உள்ள வீட்டுக் கணக்குகள் அப்படியே நிற்கும். கட்டணம் ஏறும் என்று எழுதிய எக்செல் தாள்களை வைத்திருப்பவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

மாடியும் கீழுமாக இரண்டு இணைப்பு இருக்கும் வீட்டைப் பற்றி ஈரோட்டிலிருந்து ஒரு கேள்வி. கீழே நீங்கள், மேலே தம்பி குடும்பம், தனித்தனி மீட்டர். ஆளுக்கு 500 யூனிட் என்றால் இரண்டு பில்லும் சேர்த்து 3,680. ஒரே மீட்டரில் 1,000 ஓடியிருந்தால் 7,010. இரண்டு குடும்பத்துக்கு இரண்டு இணைப்பு இருப்பதே பாதி சோலார் போட்ட மாதிரி. பேனல் ஏதாவது ஒரு இணைப்பில்தான் சேரும், அதில் மிஞ்சுவது மற்றதற்குப் போகாது. எந்தப் பில் உயரமோ அதில் போடுங்கள், அந்த அளவுக்கு மட்டும் போடுங்கள். மிஞ்சினதை மின்வாரியத்துக்கு விற்றுச் சம்பாதிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். அது அடுத்த பில்லில் வரவாகக் கழியும், கைக்குக் காசாக வரும் என்று திட்டம் போடாதீர்கள்.

28 செப்டம்பர்

சோலார் சாதனங்களுக்கு ஜிஎஸ்டி 12லிருந்து 5 சதவீதமாக 22ஆம் தேதி முதல் குறைந்திருக்கிறது. கோடையில் வாங்கிய கொட்டேஷனைக் கையில் வைத்திருப்பவர்கள் புதிதாக ஒன்று கேளுங்கள். பழைய விலையே சொன்னால் வரி வரியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

29 செப்டம்பர்

"வெளிநாட்டுப் பேனல் விலை குறைவாமே, அதைப் போட்டால்?" போடலாம், மானியம் கிடைக்காது. மானியத்துக்கு இந்தியாவில் செய்த செல் வைத்த டிசிஆர் பேனல்தான் வேண்டும். இரண்டு விலையையும் கேட்டு, ஒன்றில் மட்டும் 78,000 கழித்துப் பாருங்கள், மூன்று கிலோவாட் வரை டிசிஆர்தான் ஜெயிக்கும்.

9 நவம்பர்

நாலு நாளாக மழை. நேற்று முழுநாளும் சேர்த்து இரண்டு யூனிட்தான். பிப்ரவரி, மார்ச்சில் பதினான்கைத் தாண்டிய அதே பேனல்கள். புதிதாகப் போட்டவர்கள் இந்த மாதம் பயந்துபோய் கம்பெனிக்கு போன் போடாதீர்கள், வெயில் வந்தால் சரியாகிவிடும்.

பயப்பட வேண்டியது அழுக்குக்கு. மழை கழுவிவிடும் என்று விட்டுவிடக் கூடாது. சாய்வு குறைவாக இருப்பதால் தண்ணீர் கீழ்ச் சட்டத்தின் ஓரத்தில் தேங்கி, காய்ந்து, ஒரு விரல் அகலத்துக்குச் சேற்றுக் கோடு படியும். மேலிருந்து பார்த்தால் பேனல் பளபளவென்று இருக்கும், குனிந்து பார்த்தால் கடைசி வரிசைச் செல்லின் பாதி மூடியிருக்கும். நான் காலை ஏழு மணிக்குள், கண்ணாடி சூடேறும் முன், மென்மையான மாப்பால் தேய்த்து விடுகிறேன். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் எங்கள் ஊரில் உப்பு. அதை ஊற்றினால் வெள்ளைத் திட்டு படிந்து, பிறகு தேய்த்தாலும் போகாது. காவிரித் தண்ணீர் வரும் குழாயில் பிடித்து எடுத்துப் போகிறேன், ஒரு வாளி தாராளம்.

7 டிசம்பர்

அடுக்குமாடிக் குடியிருப்பில் இருப்பவர்கள் பலர் தனியாக எழுதுகிறீர்கள், பதில் எல்லோருக்குமாக. மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. உங்கள் ஒரு வீட்டுக்கு என்று பேனல் வைக்க மற்றவர்கள் சம்மதிப்பது கடினம், அதில் சண்டை போட்டுப் பிரயோசனமில்லை. குடியிருப்போர் சங்கமாகச் சேர்ந்து லிஃப்ட், மோட்டார், வராண்டா விளக்குக்கான பொது இணைப்புக்குப் போட இதே திட்டத்தில் கிலோவாட்டுக்கு 18,000 மானியம் உண்டு. பொது இணைப்புக்கு இலவச 100 யூனிட்டும் இல்லை, மலிவு ஸ்லாபும் இல்லை. ஆகவே ஒவ்வொரு யூனிட் மிச்சமும் வீட்டு பில்லின் கீழ்ஸ்லாபைவிட மதிப்பு அதிகம். அடுத்த பொதுக்குழுவில் போன வருடத்து ஆறு பில்லையும் எடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள்.

சம்மதம் கிடைத்துக் கொட்டேஷன் வாங்கும்போது இரண்டைக் கட்டாயம் எழுத்தில் வாங்குங்கள். ஒன்று, ஐந்து வருடப் பராமரிப்பு யார் பொறுப்பு, எத்தனை நாளுக்குள் ஆள் வருவார் என்பது. இன்னொன்று, எர்த்திங் குழி மூன்றும் தனித்தனியாக, இடிதாங்கிக்கு ஒன்று, டிசி பக்கத்துக்கு (பேனலிலிருந்து இன்வெர்ட்டர் வரை) ஒன்று, ஏசி பக்கத்துக்கு (இன்வெர்ட்டரிலிருந்து மீட்டர் வரை) ஒன்று. காசை மிச்சம் பிடிக்கிறேன் என்று மூன்றையும் ஒரே குழியில் இறக்குகிறார்கள். குழி தோண்டும் அன்று சங்கத்திலிருந்து ஒருவர் கூடவே நின்று பாருங்கள், கான்கிரீட் மூடி போட்ட பிறகு எதுவும் தெரியாது.